திட்டி வளர்த்த பப்பாளி

குடிபோன முதல் நாளே பக்கத்து வீட்டு அக்காவை முகம் சுளிக்க வைத்துவிட்டேன். நான் செய்த குற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. அவருடைய பப்பாளி மரம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மலேசியாவில் மந்தினுக்குப் பக்கத்தில் எண்ணெய்ப்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தை வெட்டி வீடு கட்டிய தாமான், புதுக் குடியிருப்பு அது. பாதி வீடுகளில் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் இருந்தார்கள். மீதியில் எங்களைப் போல வாடகைக்கு வந்த வெளியாட்கள். லாரியிலிருந்து சாமான் இறங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு வேலியைப் பார்த்தேன். என் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக ஒரு மரம், கழுத்தைச் சுற்றி இடைவெளியே இல்லாமல் காய். அடியில் கைலியும் டீ-சட்டையுமாக, தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஓர் அம்மாள் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது இருக்கும். புது இடம், நாலு பேரிடம் பழகி வைப்போமே என்று, என்ன அக்கா, காய் இப்படிப் பிடித்திருக்கிறதே என்று வாயைத் திறந்தேன்.

அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. மரத்தைத்தான் பார்த்தார். தூ தூ என்று மண்ணில் துப்பினார்.

"இதுவா? சனியன். பூராம் தண்ணி. பன்னிகூடத் திங்காது."

வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாயங்காலம் எட்டிப் பார்த்தால் மரத்தின் இடுப்பில் ஒரு பிய்ந்த செருப்பு தொங்குகிறது. என் கண்ணுக்காகத்தான் கட்டியிருக்கிறார் என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே வேறு வீடு பார்த்திருப்பேன்.

மறுநாள் காலையில் எங்கள் கேட்டில் ஒரு பிளாஸ்டிக் பை மாட்டியிருந்தது. உள்ளே தமிழ்ப் பத்திரிகைத் தாளில் சுற்றிய பழம். வெட்டிச் சாப்பிட்டோம். அப்படி ஒரு இனிப்பை நான் பாசாரில் காசு கொடுத்து வாங்கியதே இல்லை. ஓடிப்போய்ச் சொன்னேன். என் நாக்கில் ஏதோ கோளாறு இருக்கிறது, கிளினிக்கில் காட்டச் சொன்னார். நான் சிரம்பானில் பல் கிளினிக்கில்தான் வேலை செய்தேன். அது அவருக்கு அப்போது தெரியாது.

அக்கா ஒரு பாலர் பள்ளியில் சமையல் செய்தார். அதற்கு முன் அந்தத் தோட்டத்திலேயே புல்லுக்கு மருந்தடித்தவர். கணவர் போய்ப் பல வருடமாகியிருந்தது. வீட்டில் இருந்தது அவரும் ஒரே மகளும் மட்டும். ஆனால் வேலி வழியாகக் கேட்பவர்களுக்கு அங்கே ஒரு கூட்டமே குடியிருக்கிறது என்று தோன்றும். காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தால், "ஏய் மூதேவி", "எழுந்திரிச்சியா தண்டம்", "உனக்குப் போட்டதெல்லாம் வீண்" என்று ஒரே வசவு. யாரை இப்படித் திட்டுகிறார் என்று முதல் வாரம் முழுக்கப் பதைத்துப் போயிருந்தேன். கடைசியில் பார்த்தால் பப்பாளி மரங்கள்.

அந்த மரங்களுக்கு அவர் செய்த சேவகம் இருக்கிறதே, மாமியாருக்குக்கூட எவளும் அப்படிச் செய்ய மாட்டாள். நல்ல பழமாகப் பார்த்து விதையெடுத்து, வழவழப்புப் போகச் சாம்பலில் பிசைந்து, நிழலில் உலர்த்துவார். மண்ணைக் குவித்து மேடாக்கி ஒரே மேட்டில் மூன்று கன்று வைப்பார். பப்பாளிக்குக் காலடியில் தண்ணீர் நின்றால் ஆகாது. பூ விடும்வரை மூன்றும் ஒன்றாக வளரும். நீளக் காம்பில் கொத்துக்கொத்தாகப் பூத்துத் தொங்கினால் அது ஆண், காய்க்காது, வெட்டிவிடுவார். தண்டை ஒட்டிப் பூத்ததில் நல்லதாக ஒன்றை மட்டும் விட்டுவைப்பார். அரிசி கழுவிய தண்ணீர், முட்டை ஓடு, பாலர் பள்ளிச் சமையலறையில் மிஞ்சிய தேயிலைச் சக்கை எல்லாம் அதற்குத்தான். காய் நெருக்கியடித்தால் சிறியதைக் கிள்ளிச் சாம்பாரில் போட்டுவிட்டு, பெரியதை முசாங் என்கிற மரநாய் கடிக்காமல் அரிசிச் சாக்கால் மூடி வைப்பார். ஒரு காயின் முதுகில் மஞ்சள் கீறல் விழுந்ததும் பறித்துத் தாளில் சுற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிடுவார். இத்தனையும் செய்யும்போது கை ஓயாது, வாயும் ஓயாது. சனியன், தண்டம், எதற்கும் உதவாதது.

அவருடைய கணக்கு மிகவும் சுலபமானது. உலகத்தில் கண் இருக்கிறது. கண் நல்லதைத் தேடித்தான் வரும். ஆகவே நம்மிடம் நல்லது எதுவும் இல்லை என்று ஊருக்குச் சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் ஒருநாள் மேஸ்திரியான மண்டோர் இவரைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் எல்லார் முன்னாலும் நிறுத்தி, மருந்தடித்தால் இந்தப் பொம்பளை மாதிரி அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். மத்தியானமே இவர் வாய்க்காலில் விழுந்து கால் முறிந்ததாம். மருந்துத் தொட்டியை முதுகில் கட்டிக்கொண்டு வழுக்கும் பலகையில் நடந்தால் புகழாவிட்டாலும் விழத்தான் செய்வோம் என்று நான் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். பாவம் இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது போல என்னைப் பார்த்தார்.

தாமானில் எல்லாருக்கும் இது பழகிப்போயிருந்தது. அக்கா வீட்டு வாசலில் நின்று யாரும் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். கடைசி வீட்டு மலாய்க்கார அம்மாள், நாங்கள் காக் என்று கூப்பிடுபவர், அவர்கூடத் தேறிவிட்டார். பழம் வாங்கிக்கொண்டு போனால், மறுநாள் வந்து, சேடாப் இல்லவே இல்லை, கொஞ்சமும் ருசியில்லை என்று மலாயில் முகத்தைச் சுளித்துச் சொல்லிவிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்பார். இருவரும் அதில் பரம திருப்தி அடைவார்கள்.

என்னிடம் மட்டும் அவர் வேறு மாதிரி. முதல் இரண்டு வருடம் என்னை ஒரே புகழ்ச்சி. என் சேலை அழகு, என் கோலம் அழகு, நான் வைக்கும் நண்டுக் குழம்பின் வாசம் வேலி தாண்டி வருகிறது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். வீடு நிறைய ஆட்கள். ஒன்றைக் கடித்தார்.

"என்னா தங்கச்சி இது, முறுக்கா, ரப்பர் கொட்டையா?"

எல்லார் முன்னாலும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பாத்திரங்களை டமார் டமாரென்று போட்டேன். சாயங்காலம் அக்காவின் மகள் வேலிப்பக்கம் வந்தாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். சிரம்பானில் ஒரு மருந்துக் கடையில் வேலை, பட்டம் வாங்கியவள். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஆன்டி, அழுவாதீங்க. உங்களையும் வீட்டு ஆளா சேத்துக்கிட்டாங்க."

அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. அவர் புகழ்ந்த இரண்டு வருடமும் எனக்கு என்ன ஆனாலும் அவருக்குக் கவலையில்லை என்று அர்த்தம். சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் நின்றேன். என் முறுக்கு கொஞ்சம் கெட்டிதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்தப் பெண் சிரித்தது எனக்காகத்தான். அவளுக்கு அது சிரிப்பான விஷயமாக இருக்கவில்லை. படித்து முடித்து மாலையும் அங்கியுமாகப் படம் எடுத்து வந்த அன்றைக்கு, வாழ்த்த வந்தவர்களிடம், இவள் எங்கே படித்தாள், அந்த வருடம் எல்லாரையும் பாஸ் போட்டுவிட்டார்கள் என்று சொன்னவர் அக்கா. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். நான் வருவதற்கு முந்தின வருடம் பெண் பார்க்க வந்தவர்கள் கதையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. வந்தவர்கள் கோலாலம்பூர்க்காரர்கள், நல்ல இடம். பெண் லட்சணமாக இருக்கிறாள் என்று அவர்கள் சொல்லி வாய் மூடவில்லை, அக்கா ஆரம்பித்துவிட்டார். சமைக்கத் தெரியாது, காலையில் எழ மாட்டாள், கோபம் வந்தால் பேய். நம் தாமான்காரர்களாக இருந்தால், ஓ, இவ்வளவு திட்டுகிறாரே, தங்கமான பெண்ணாக இருக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டார்கள். தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர்கள்தான்.

அதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியது. அந்த இடம் போனதற்காக இல்லை ஆன்டி என்றாள். நாலு பேர் முன்னால் நம் பெண் நல்லவள் என்று ஒரு வார்த்தை வராதா, என் அம்மா வாயால் அதை நான் கேட்டதே இல்லை. நீயும் பப்பாளியும் அவருக்கு ஒன்று என்றா சொல்வது? உள்ளே போய்க் காப்பி கலக்கிக் கொடுத்தேன்.

அடுத்த வருடம் அவளே ஒருவனைப் பிடித்துவிட்டாள். கூட வேலை செய்யும் பையன், வீடு கோலா கிளாவாங்கில். இரண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போய்விட்டது. பையனின் அம்மாவுக்கு மட்டும் முறைப்படி வீட்டுக்கு வந்து பெண் பார்க்க வேண்டும், பெண்ணைப் பெற்றவளிடம் பேச வேண்டும், அதற்குப் பிறகுதான் சரி சொல்வேன் என்று பிடிவாதம். இந்தப் பெண்ணுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னாள்.

"அம்மா, எனக்கு இவருதான் வேணும். அவங்க முன்னுக்கு என்னைப் பத்தி ஒரு கெட்ட வார்த்தை வந்துச்சி, இந்த வீட்டுக்கு நான் திரும்ப மாட்டேன்."

அக்கா தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டார். பிறகு சரி என்றார். வாயே திறக்க மாட்டேன் என்றார். சொன்னபடி அன்றிலிருந்து மகளைப் பற்றி நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை, ஒரு வார்த்தை கிடையாது. அடக்கி வைத்ததெல்லாம் பப்பாளிக்குப் போயிற்று. அப்போது வேலியோரம் நின்றது நான் முதல் நாள் பார்த்த மரத்தின் விதையில் வந்தது. அவர் வளர்த்ததிலேயே அதுதான் வாட்டசாட்டமான மரம். அந்த வாரங்களில் அது வாங்கிய திட்டு அதன் வம்சத்திலேயே எந்த மரமும் வாங்கியிருக்காது.

பெண் பார்க்க வந்தார்கள். என்னை அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள் மகள், ஏதாவது வாய் தவறினால் கையைப் பிடித்து அழுத்தச் சொல்லி. பையனின் அம்மா நல்ல மனுஷி. வாய் நிறையப் பேச்சு, கண்ணை நன்றாக விரித்துப் பார்ப்பார். எங்கள் துரதிர்ஷ்டம், புகழாமல் அவருக்கு ஒரு வாக்கியம் முடியாது. பெண் தட்டோடு வந்ததும் ஆரம்பித்துவிட்டார். என்ன முகக்களை, என்ன முடி, எவ்வளவு அடக்கம். நான் அக்காவின் கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. இந்தப் பெண் கால் வைத்தால் எங்கள் வீடு எங்கேயோ போய்விடும் என்றார் அந்த அம்மாள். அக்காவின் உதடு துடித்தது. நான் அழுத்தினேன். மகள் தட்டைப் பிடித்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணே பட்டுவிடும் போல இருக்கிறாள் என்று அந்த அம்மாள் அடுத்ததைச் சொன்னார், பாருங்கள்.

அக்கா என் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார். போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வாங்கக்கா, எல்லாரும் வெளிய வாங்க. எங்க பப்பாளிய வந்து பாருங்க."

எல்லாரையும் கிளப்பிக்கொண்டு வேலியோரம் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். அங்கே அவர் பேசியது அதுவரை நான் அவர் வாயால் கேட்காத பேச்சு. இந்த மாதிரி மரம் மந்தினிலேயே கிடையாது என்றார். பழம் கற்கண்டு மாதிரி இருக்கும், வருடம் முழுக்கக் காய்க்கிறது, ஒரு நோய் நொடி வந்ததில்லை, என் கையால் இதுவரை இப்படி ஒன்று வந்ததில்லை என்றார். காயை மூடியிருந்த அரிசிச் சாக்குகளை ஒவ்வொன்றாக உருவிக் காட்டினார். இடுப்பில் கட்டியிருந்த செருப்பை அறுத்து வீசினார்.

"நல்லா பாருங்கக்கா. கண்ணு நெறைய பாருங்க."

அந்த அம்மாளுக்கு வேறென்ன வேண்டும். அடேயப்பா, ஜெலபு வட்டாரம் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு மரம் கிடைக்காது என்று வாயைப் பிளந்துவிட்டார். கூட வந்தவர்கள் கைப்பேசியை எடுத்து மரத்தோடு நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். அக்கா பழம் பறித்து வெட்டிக் கொடுத்தார். கை ஒழுகச் சாப்பிட்டுவிட்டு, மரத்தையே பார்த்துப் பேசிவிட்டு, அதே வேகத்தில் தேதியையும் குறித்துவிட்டுப் போனார்கள். பெண்ணைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் ஒரு வார்த்தை புகழவில்லை. மகளுக்குக் காரியம் முடிந்த நிம்மதி. ஆனாலும் என் காதில் குசுகுசுத்தாள், மரத்துக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை, பார்த்தீர்களா என்று.

அவர்கள் போன பிறகு தட்டு கழுவும்போது கேட்டேன். என்ன அக்கா, இன்றைக்கு மரத்துக்கு இப்படி ஒரு யோகம்? அவர் தலையைத் தூக்கவில்லை.

"அந்தம்மா கண்ணு எங்கயாச்சும் விழுந்துதான ஆவணும். மரத்து மேல விழட்டும்."

மாதம் முடியவில்லை, மரத்தின் குருத்து மஞ்சளாயிற்று. பிறகு ஈரம் கசிந்து அழுகி, தலை அப்படியே தொங்கிவிட்டது. என் கணவர் இது நோய், சுற்று வட்டாரத்தில் எல்லார் பப்பாளிக்கும் வந்திருக்கிறது, கண்ணாவது மண்ணாவது என்றார். காக் வீட்டு மரமும் அதே வாரம் போனது உண்மைதான். அக்கா அதையெல்லாம் மறுக்கவில்லை. தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு காலையில் பாராங் கத்தியை எடுத்து வந்து, அவரே வெட்டினார். மற்ற மரங்களை வெட்டும்போது திட்டிக்கொண்டே வெட்டுகிறவர், அன்றைக்குத் திட்டவில்லை. நல்ல மரம் தங்கச்சி என்று மட்டும் என்னிடம் சொன்னார். நான் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பப்பாளிக்கு அழுத பைத்தியம் என்று என்னை யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

மகள் வேலையிலிருந்து வந்து வேலியோரம் வெறிச்சென்று கிடப்பதைப் பார்த்தாள். எதற்கு அம்மா இந்த மரத்தை அன்றைக்கு அப்படிக் காட்டினார்கள் என்று என்னிடம் கேட்டாள். தட்டு கழுவும்போது கேட்டதை அப்படியே சொன்னேன். அவள் வெட்டிய அடிமரத்தின் பக்கத்தில் கைப்பையோடு வெகுநேரம் நின்றுவிட்டு உள்ளே போனாள்.

கல்யாணம் சிரம்பானில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. அக்கா சொன்ன சொல் தவறவில்லை. வந்தவர்கள் எல்லாரும் பெண்ணைப் பார்த்துப் பார்த்துப் புகழ்ந்தார்கள், அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு பந்தி பரிமாறுகிற இடத்திலேயே நின்றார். பெண்ணை அனுப்பும்போது காரைச் சுற்றிக் கூட்டம். மாப்பிள்ளையின் அம்மா வழக்கம்போல ஆரம்பித்தார். சிலை மாதிரி இருக்கிறாள், இந்த மாதிரி மருமகள் யாருக்கு வாய்க்கும் என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் மட்டும் மகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது.

காரில் ஏறப் போன பெண் திரும்பி வந்து அம்மாவின் கையை வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

"எல்லாரும் பாக்கறாங்கம்மா. என்னைத் திட்டும்மா."

அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு பாருங்கள், இத்தனை மாதம் அடைத்து வைத்தது மடை உடைந்து வந்தது. தண்டம் என்றார். சோம்பேறி, எழுப்பிவிடாவிட்டால் மத்தியானம்வரை தூங்குவாள் என்றார். குழம்பில் உப்புப் போட மறந்துவிடுவாள், கோபம் வந்தால் யாரோடும் பேச மாட்டாள், மாப்பிள்ளை, இதைக் கட்டிக்கொண்டு நீங்கள் என்ன பாடுபடப் போகிறீர்களோ என்றார். சொல்லச் சொல்லக் கண்ணீர் தாரையாக இறங்கியது, வாய் நிற்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா திகைத்து என்னைப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன்.

பெண் மட்டும் அழுத முகத்தோடு சிரித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அம்மா மூச்சு வாங்க நிறுத்தினால் விடவில்லை. "இன்னும் சொல்லும்மா" என்றாள். கார் கிளம்ப ரொம்ப நேரமாயிற்று.